ராக்காயியின் பாட்டும் அதற்கு விழுந்த அடியும்

அனுப்புநர்:
கெர்ட்ரூட்,
மேட்டுக்கரைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி சவரிநாதன் மனைவி,
சுங்கை சிப்புட்.
(தற்சமயம் தங்கை எல்ஸி வீடு, ஈப்போ)

பெறுநர்:
உதவிக் கண்ட்ரோலர் துரை அவர்கள்,
தொழிலாளர் இலாகா, ஈப்போ.

பொருள்: பாட்டுக் கட்டிப் பாடியதற்காக ராக்காயி என்னும் தோட்டத் தொழிலாளி வாயில் அடிக்கப்பட்டதை விசாரிக்க வேண்டுதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. நானும் ராக்காயியும் இரண்டு வருஷமாகச் சேர்ந்து பாட்டுக் கட்டி வந்தோம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ரப்பர் மரம் சீவும்போதே அடிகளை அமைத்துவிடுவாள். மிஷன் பள்ளியில் ஆர்மோனியம் கற்ற நான் மெட்டுப் போடுவேன். மெட்டில் சொல் இடறினால் அவள் சொல்லை மாற்றுவாள். மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம் செய்தால் நான் மெட்டை மாற்றுவேன். சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வந்து கேட்பார்கள்.

2. சென்ற மாசியில், பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன் காய்ச்சலில் கிடந்த செல்லாயியைப் பெரிய கங்காணி உடையப்பன் வேலைக்கு விரட்டினார். மரத்தடியில் விழுந்தவளைத் தூக்கி வந்தார்கள். மறுநாள் இறந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை. ராக்காயி அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

3. பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் நாங்கள் பாடிய பாட்டில் இவ்வாறு வரும்:

பால் கட்டின மாரோட பால்மரம் சீவப் போனாளே
வாளி நெறஞ்சு போச்சு, பிள்ளை வாய் காஞ்சு போச்சே

கங்காணியின் பெயர் அதில் இல்லை. மறுநாள் விடியலில், பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பெண்கள் போய் நிற்கவில்லை. போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவுமில்லை.

4. அன்று பகலில் கங்காணி ராக்காயியைப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு வரவழைத்தார். "பாட்டா கட்டுறே? இனி எந்த வாயால பாடுவே, பாப்போம்" என்று சொல்லித் தடியால் வாயில் அடித்தார். "இல்லாததையா பாடினேன், கங்காணி அய்யா?" என்றாள். மறுபடியும் அடித்தார். முன்பற்கள் போயின, உதடு கிழிந்தது. கொட்டகைக்கு எதிரே உள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன்.

5. அவள் கள் குடித்து விழுந்ததாகத் தோட்டத்து ஆபீஸில் எழுதி, லயத்திலிருந்தும் துரத்திவிட்டார்கள். ராக்காயி கள்ளைத் தொட்டவளல்ல. அந்த எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என் கணவர். கொட்டகைக்குள்ளேயே நின்றவர் அவர். "வேலை போனா எங்க போறது, கெர்ட்ரூட்?" என்று மட்டும் கேட்டார். இம்மனுவை எழுதப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டே ஈப்போ வந்தேன். அவர் தடுக்கவில்லை, வைத்த சோற்றையும் தொடவில்லை.

6. ராக்காயி இப்போது என்னுடன் எல்ஸி வீட்டில் இருக்கிறாள். புண் ஆறிவிட்டது, சொற்கள்தாம் வாயில் நிற்கவில்லை. பாதி எனக்கே விளங்குவதில்லை. திரும்பச் சொல்லக் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சென்ற ஞாயிறன்று ஆர்மோனியத்தைத் திறந்தேன். "மூடிடுங்க, கிராணியம்மா" என்றாள். அது தெளிவாகவே கேட்டது.

ஆகையால், தாங்கள் தோட்டத்துக்கு நேரில் வந்து, கங்காணி இல்லாத இடத்தில் லயத்துப் பெண்களையும் என் கணவரையும் தனித்தனியே விசாரிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் கெட்டவரல்ல; பயந்தவர். தங்கள் முன் உண்மை சொல்வார் என்று நம்புகிறேன். சொல்லாவிட்டால், அவர் எதிரிலேயே நின்று அவருக்கு விரோதமாகச் சாட்சி சொல்லச் சித்தமாயிருக்கிறேன்.

ஈப்போ,
1926 ஜூன் 9.

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
கெர்ட்ரூட் சவரிநாதன்