ராஜத்தின் புருஷன்

1964 ஜூலை 6, திங்கள்

விடாத மழை. தார்ப்பாய் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்தது. மாட்டுங்கா மெஸ்ஸில் மாவு அரைத்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் லேபர் கேம்ப் குடிசைகளின் முனையில் முருகேசன். அண்ணாச்சியின் ஆள். தாராவியில் காய்ச்சும் சாராயத்தில் பாதி அண்ணாச்சியுடையது. அவருக்காக ஆள் கொல்வதை நான் விட்டு வருஷங்கள் ஆயிற்று.

"செம்பூர்ல ஒரு பொம்பள, யக்கா. அண்ணாச்சி மேல கேஸ் குடுத்திருக்கா. ஆம்பளைக்குக் கதவத் தொறக்க மாட்டா. நீ போனாத் தொறப்பா."

மாட்டேன் என்றேன்.

"பழசெல்லாம் வெளிய வந்தா ஒனக்குத் தூக்குதான்." சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஜூலை 8, புதன்

போனேன். பையில் வெங்காயம், அடியில் கத்தி. மழைக்கு ஒதுங்கியவள்போல் நின்றேன். அவளே உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தாள், டீ போட்டாள். பெயர் ராஜம். எங்கள் திருநெல்வேலிப் பேச்சு.

சுவரில் போட்டோ. லாரியில் சாய்ந்தபடி சுடலைமுத்து. ராஜத்தின் புருஷன். அண்ணாச்சியின் லாரி ஓட்டியவன், போலீசிடம் போகப் பார்த்தான். மாஹிம் பாலத்தடியில் நான்தான் அவனைக் கொன்றேன். பிணம் கிடைக்கவே இல்லை.

போட்டோவைப் பார்த்தபடி ராஜம் சொன்னாள்: "எவ கூட இருக்காவளோ. இருந்துட்டுப் போட்டும் யக்கா, உசுரோட இருந்தாச் சரி. கோர்ட்டுல கேட்டா அவிய எங்கன்னு அண்ணாச்சி சொல்லித்தான ஆவணும்?"

நெற்றி நிறையக் குங்குமம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

தோளில் வெட்டு. காய்ச்சல். நேற்று நடந்தது:

முருகேசன் மெஸ் பின்வாசலுக்கே வந்தான். "முடியலன்னா வுடு, சாயங்காலம் நானே போறேன்." அவனுக்கு முன்பே செம்பூர் போனேன். ராஜம் வீட்டு மாடிப்படியில் மறித்தேன். அவன் கத்தி என் தோளில். என் கத்தி அவன் மணிக்கட்டில், நரம்போடு. கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பழைய வேகம் எனக்கு அப்படியே இருக்கிறது. வெட்கமாக இருந்தது.

சத்தம் கேட்டு ராஜம் வந்தாள். சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். முடியவில்லை. அவள் புருஷனைக் கொன்றதைச் சொல்லிவிட்டேன்.

அவள் கை நின்றது. அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"சாப்புட்டிருந்தாவளா?"

"ம். நான்தான் சோறு கொண்டுபோனேன்."

"ஒன்னத் தெரியுமா அவியளுக்கு?"

"அக்கான்னுதான் கூப்புடுவான்."

பாதிக் கட்டோடு விட்டுவிட்டு உள்ளே போனாள். அழுகை கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "நாளைக்கழிச்சு வருவேன். எடத்தக் காட்டு. அப்பறம் போலீஸ்." என் குடிசை எங்கே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 11, சனி

மழை இல்லை. வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸ் வண்டி ஏறலாமா என்று நினைக்காமல் இல்லை. அதற்குள் வந்துவிட்டாள்.

பாலத்தடிக்குப் போனோம். எங்கும் சேறு, புதுக் குடிசைகள். எந்த இடம் என்று எனக்கு நினைவே இல்லை. ஒருவனைக் கொன்ற இடம். ஏதோ ஓரிடத்தைக் காட்டினேன். அங்கே குந்தி உட்கார்ந்தாள். சேற்றைத் தொட்டு, "ஏங்க" என்றாள். அப்புறம் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தாள்.

சேறான சேலையை மாற்றக் குடிசைக்கு வந்தேன். வெளியே நிற்கிறாள். போலீசில் எல்லாவற்றையும் சொல்வேன். இடம் தெரியாது என்பதை மட்டும் அவளிடம் சொல்லமாட்டேன்.