தேங்காய் குறையாத சட்னி

இன்று காலை தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடையிலிருந்து சட்னி தாளிக்கும் வாசம் வந்தது. நீதான் என்று திரும்பிவிட்டேன், மாப்ள. உன் இட்லிக் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல். தாளித்தது உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை. தங்கச்சி அங்கேதான் வேலை பார்க்கிறது. தேங்காயை முதலாளி அளந்து கொடுக்கிறார், மிச்சத்துக்குப் பொட்டுக்கடலை.

உன் அப்பா இதே இடத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் இட்லி விற்றே உன் அக்காமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார்; மனை வாங்கி வீடும் கட்டினார். நீ அவரைவிட முன்னதாக எழுந்தாய், அவரைவிட நேரங்கழித்துப் படுத்தாய். ஆனாலும் சிலிண்டருக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் போக நின்றது மகளின் ஸ்கூல் பஸ்ஸுக்கே பத்தவில்லை. அவர் கட்டிய வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றக்கூட உன்னால் முடியவில்லை.

கீரமங்கலத்தைச் சுற்றித் தென்னந்தோப்புகள்தான். இங்கேயே தேங்காய் விலை ஏறியபோது தங்கச்சி கேட்டது: "பொட்டுக்கடலையக் கூட்டிக்கிருவமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாய். அதற்குப் பதில் இட்லிக்கு ஒரு ரூபாய் கூட்டினாய்.

தினமும் சாப்பிட வரும் வாத்தியார்தான் ஆரம்பித்தார். "ஒங்கப்பா இருந்தவரைக்கும் இப்படியெல்லாம் ஏத்துனதில்லப்பா."

நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "ஒங்கப்பா வாங்குன சம்பளத்தத்தான் நீங்களும் வாங்குறீங்களா, சார்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அவரோடு வருகிறவர்களும் வரவில்லை. மிஞ்சிய மாவை நம் இரண்டு வீட்டிலும் புளித்த தோசையாகத் தின்று பார்த்தோம். தீரவில்லை. கடையைச் சாத்திவிட்டுத் திருப்பூரில் ஒரு கேன்டீனுக்குச் சமைக்கப் போனாய். "வாரேன் மச்சான், வீட்டப் பாத்துக்க," என்றாய். அங்கே அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாலையோடு வந்தவர்களில் வாத்தியாரும் உண்டு. "நல்ல மனுசன்," என்றார்.

இப்போது அதே வாத்தியார் கண்ணாடிக் கதவுக்குள் இரு மடங்கு விலைக்குச் சாப்பிடுகிறார். போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார். விலை கேட்பதுகூட இல்லை. போன வாரம் என் கடை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே சொன்னார்: "என்ன இருந்தாலும் அவன் சட்னி மாதிரி வராதுப்பா."

"அப்ப ஒரு ரூவா பெருசாத் தெரிஞ்சுச்சுங்களே, சார்," என்றேன்.

அவர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

நேற்று நானும் ரவிக்கைக்குக் கூலியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண். விரித்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு, "பெறகு வாரேண்ணே," என்று போய்விட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது வீட்டிலும் சிலிண்டர் தீரும், எண்ணெய் தீரும். அது நின்று யோசித்துவிட்டுத்தான் போனது.

வாத்தியார்மேல்தான் ஆறவே இல்லை. ஆனால் புதுப் பேன்ட் தைக்க அவர் என்னிடம்தான் வருகிறார். வேறு கடைக்குப் போங்க என்று சொல்ல எனக்கு வக்கில்லை. இந்தக் கோபத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் அவர் இடுப்பை அளக்கிறேன், மாப்ள.