வெட்டும் முன் ஒரு கேள்வி

ராஜ்கோட்

மகளே,

விவாகரத்து ஆன பிறகு உன்னை மருமகள் என்று எழுதக் கூடாதாம். எனக்கு இப்படி எழுதுவதே சுலபமாக இருக்கிறது.

பட்டறைக்குப் புதிதாக பாவின் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். நீ பார்த்த வேலைதான். செய்ய வேண்டிய பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷின் தானாக வெட்டுவதற்குப் புரோகிராம் எடுத்துக் கொடுக்கிறான். எந்தப் புரோகிராம் எடுத்தாலும் முதல் வெட்டுக்கு முன் மெஷின் நின்று, திரையில் "மம்மி, கண்ணாடி போட்டீங்களா?" என்று கேட்கும்படி சாஃப்ட்வேரில் வைத்துவிட்டுப் போனாயே, அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஜசுபென், ஒவ்வொரு பீஸுக்கும் நின்னு நின்னு கேக்குது. எடுத்துடறேன், நேரம் மிச்சம்."

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும்டா. கேள்விக்குப் பதில் சொல்லாம ஒரு வாய் டீ குடிக்க முடியுதான்னு பாக்கறேன்" என்றேன். எடுக்க விடவில்லை.

போன வாரம் நான் மெஷின் ஓட்டும்போது கட்டர் முறிந்து தெறித்தது. மெஷினின் உடைந்த கதவை இன்னும் மாற்றவில்லை, திட்டாதே. துண்டு நேரே என் வலது கண்ணுக்கு வந்தது. கண்ணாடியில் பட்டுக் கீறியதோடு சரி, கண்ணுக்கு ஒன்றுமில்லை. பாவின் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்தக் கேள்வி இருக்கட்டும் ஜசுபென்" என்றான்.

என் மகனைப் பற்றி நீ கேட்க மாட்டாய். நானும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுகிறேன், அது உனக்குத் தெரிய வேண்டும். நன்றி என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதவில்லை.

புனேயில் உன் மெஷின் உன்னை அப்படிக் கேட்கிறதா? கேட்காவிட்டால் நான் கேட்கிறேன். கண்ணாடி போட்டியா?

இப்போதும் உன்
மம்மி