செ. குழலி

நாள் 611 — காலை 7:20
வியாழனின் நிலா கலிஸ்டோ, ஆய்வுத் தளம். கருவிகள் ஒழுங்கு. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செங்கோடன், இங்கே நோயியல் மருத்துவன். தளத்தை மூடுகிறார்கள். ஆறு நாளில் கப்பல் வந்து எங்கள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொள்ளும். ஏறுமுன் நுரையீரல் திசுச் சோதனை கட்டாயம். நான்கு ஸ்லைடுகள் சுத்தம். ஐந்தாவதில் கருப்பு இழைகள். பூமியில் இல்லாத பூஞ்சை. அந்தத் திசு என் மகள் குழலியுடையது. மூன்று முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

நாள் 611 — மதியம் 1:05
இரண்டாவது கருத்து கேட்டு ஐந்தாவது ஸ்லைடின் படங்களைப் பூமி மையத்துக்கு அனுப்பினேன். 'செ. குழலி' என்று எழுதினால் படிவம் ஏற்கவில்லை. இனிஷியல் கூடாதாம், முழுப்பெயர் வேண்டுமாம். இத்தனை கோடி கிலோமீட்டர் வந்தும் படிவத்தின் அழிச்சாட்டியம் போகவில்லை. 'செங்கோடன் குழலி' என்று அடித்தேன். என் கண் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாள் 612 — காலை 9:40
பதில்: "செங்கோடனுக்குப் பூஞ்சைத் தொற்று உறுதி. மூச்சில் பரவும். அவரைக் கப்பலில் ஏற்றக் கூடாது."
நம் வழக்கத்தில் அப்பன் பெயர் முன்னால் வரும். அவர்களுக்கு முன்னால் இருப்பவன்தான் ஆள். வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு வரி எழுதினால் தவறு திருந்திவிடும். குழலி இங்கே கிடந்து சாவாள்.
வரும் கப்பலின் கேப்டன் தேவசகாயம் வானொலியில்: "டாக்டர், உங்களுக்கா? மனசு கேக்கல."
"விதி விதிதான் கேப்டன்" என்றேன்.

நாள் 617 — மாலை 4:15
கப்பல் கிளம்பியது. உள்ளே, எங்களவர் நால்வரையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். குழலி அழுதாள்: "நானும் இருக்கேன்பா." வாயை மூடிக்கொண்டு போ என்று அதட்டினேன். எனக்கு எழுபது நாளுக்குக் காற்று இருக்கிறது. சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

நாள் 631 — காலை 8:30
கேப்டன்: "ஒன்பது பேருக்கு இருமல். டாக்டர், உங்க தளத்து நாலு பேர்ல யாருக்காவது அப்பவே இருந்துச்சா?"
அனுப்பிய பதில்: "இல்லை. நால்வரும் சுத்தம்."

நாள் 640 — பகல் 11:50
மூன்று பேர் போய்விட்டார்கள். குழலி ஆய்வக உதவியாளர். கப்பலில் திசு எடுக்கத் தெரிந்தவள் அவள்தான். எல்லோருடைய ஸ்லைடுகளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.
"அப்பா, ரெண்டாவது கருத்து வேணும். யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு சொல்லுங்க. பரவுறதை நிறுத்த, அந்த ஆளை அறையில போட்டுக் காத்தை நிறுத்தப்போறார் கேப்டன்."
இழையின் தடிமன் சொல்லிவிடும். குழலியுடையதுதான் மூத்தது. அடுத்தது எங்கள் சமையல்காரர் பொன்னுரங்கத்துடையது. என் பிறந்தநாளைக்கு, எங்கிருந்தோ மிச்சம் பிடித்த ரவையில் கேசரி கிண்டியவர்.
பொன்னுரங்கம் என்று எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அனுப்பினேன்.

நாள் 641 — பகல் 2:10
காத்திருக்கிறேன். சாப்பிடவில்லை. பொன்னுரங்கத்துக்கு எப்படியும் தொற்று இருந்தது. எப்படியும் செத்திருப்பார். எப்படியும்

நாள் 642 — காலை 10:25
குழலியின் குரல். இருமல் இல்லை. எல்லோரையும் அரிக்கும் அந்தப் பூஞ்சை, இவளிடம் மட்டும் சும்மா குடியிருக்கிறது.
"பொன்னுரங்கம் அண்ணன் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாருப்பா. இருபது நிமிஷம். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. எனக்கும் ஸ்லைடு பார்க்கத் தெரியும். யாரோடது மூத்ததுன்னு உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீங்க என்ன எழுதுவீங்கன்னும் தெரியும். இருமல் நிக்கல. அடுத்தது யாருன்னு கேப்டன் கேக்குறார். ஒரு பேரு சொல்லுங்கப்பா."

பட்டியலில் பத்தொன்பது பேர். ஒருத்தியை விட்டுவிட்டு மேலிருந்து படிக்கிறேன்