லோடு சரியில்லை என்று நீ சொன்ன நாள்

குரோம்பேட்டையில் இன்று ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அந்தப் பெண் என் கையில் தேய்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஊசி குத்துவதற்கு முன்பே கண் கலங்கியதைப் பார்த்து, "பயப்படாதீங்க ஆன்ட்டி, வலிக்காது" என்றாள். அவளிடம் என்னவென்று சொல்ல?

தாம்பரம் சானடோரியம் பகுதியில் நாம் ஒன்றாக வேலை பார்த்த கம்பெனியின் சோதனை அறையில் நாள் முழுக்க இந்த வாசனைதான். ஏ.சி. இருந்த ஒரே அறை அது. குளிர்ச்சி நமக்கில்லை, நெட்வொர்க் அனலைசர் என்ற மெஷினுக்கு. நாம் தயாரித்த, வேண்டாத சிக்னலை வடிகட்டும் பில்டர்களுக்குள் அது சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து சொல்லும். ஆனால் தினமும் காலையில் முதலில் நாம் அதற்கு அளவு சொல்லித் தர வேண்டும். மரப்பெட்டியிலிருந்து மூன்று சின்ன உலோகத் துண்டுகளை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டுவோம். அவற்றில் லோடு என்பது, அனுப்பிய சிக்னலைத் திருப்பித் தராமல் முழுக்க விழுங்க வேண்டியது. "இந்தக் கம்பெனியில எதிர்த்துப் பேசாதது இது ஒண்ணுதாண்டி" என்பாய்.

அன்று வாசலில் நின்ற வேனில் பில்டர் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உன்னை நிரந்தரமாக்கும் ஆர்டர் மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. உன் அப்பா ரிட்டயர் ஆகி, பொழிச்சலூர் வீட்டில் உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜரிடம் போய், "லோடு கெட்டுப்போச்சு சார், பெட்டியெல்லாம் இறக்கச் சொல்லுங்க" என்றாய். நான் பின்னாலிருந்து உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"காலைல மாட்டினப்ப சரியாத்தானேம்மா காட்டுச்சு?"

"அதை வெச்சே மெஷினுக்கு அளவு சொல்லிட்டு, திரும்ப அதையே மாட்டினா சரின்னுதான் சார் காட்டும். வேற ரெண்டு சாதா லோடு மாட்டிப் பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி தப்பு காட்டுது. அப்ப கோளாறு காலைல மாட்டினதுலதான்."

"இப்பதாம்மா ஏத்தினோம், இன்னா பேஜாரு" என்று புலம்பிக்கொண்டே ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். வெளியிலிருந்து அளவு சொல்லித் தரும் நல்ல லோடு இரவல் வாங்கி அளந்தபோது நீ சொன்னதே சரியாயிற்று. பாதி பில்டர்கள் தேறவில்லை. ஆனால் தாமதத்துக்கு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய கோபத்தில் மேனேஜர் உன் ஆர்டரில் கையெழுத்தே போடவில்லை. உன்னிடம் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். நீயோ படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டு, "பஸ்ல உக்கார எடம் கெடைக்குதுடி" என்று சிரித்தாய்.

சில வருஷங்களில் நீ படுத்த படுக்கையானாய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டதாகவே சொன்னார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீயாவது சொல்லுடி. நான் எப்படி இருக்கேன்?"

"நல்லா இல்லடி" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். நீ அழவில்லை. "அப்பாடா" என்று தலையணையில் சாய்ந்துகொண்டாய்.

நீ போன பிறகு, இன்றும் யார் என்னிடம் எதைக் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்கிறேன். அதனால் பாதிப் பேருக்கு என்னைப் பிடிப்பதில்லை. போகட்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று யாரிடமடி கேட்பேன்?