கரும்புக் கொல்லைக்கு ஒரு பூட்ஸ்

ஐப்பசி 14, செவ்வாய்

போன வாரம் சர்க்கரை ஆலைக்காக வளவனூர் பக்கம் விவசாயிகளின் கரும்பைப் பதிவு செய்யப் போனபோது, என் செருப்புக் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடி விரியன் கிடந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்வார் என்று பயம்.

இன்று திண்டிவனத்தில் தோல் பூட்ஸ் வாங்கினேன். முதலில் பார்த்தது பளபளப்பு, பாதி விலை. வளைத்ததும் அடிப்பாகம் ஓரத்தில் வாய் பிளந்தது.

"அது பசை போட்டு ஒட்டினதுங்க. சேத்துல ஒரு மழைக்குத் தாங்காது. இது தச்சது. அடி தேஞ்சா மாத்திக்கினு வருசக்கணக்கா போடலாம்," என்று கடைக்காரரே வேறொன்றை நீட்டினார். ஆண்கள் அளவுதான். இரண்டு சாக்ஸ் போட்டதும் பொருந்தியது.

வீட்டுக்காரர் கையில் தூக்கிப் பார்த்தார். "சேத்துக்கா இவ்ளோ கெட்டியா வாங்கினே?"

பொய் வரவில்லை. விரியனைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, பூட்ஸை மாட்டி, லேஸைக் கடைசித் துளைவரை இழுத்துக் கட்டினார்.

"டெய்லி இதுவரைக்கும் கட்டிக்கினு போ."

இறுக்கமாகத்தான் இருந்தது. அவிழ்க்கச் சொல்ல மனம் வரவில்லை.