பழைய எண் 7, புதிய எண் 18: அடமானக் கட்டடத்தின் முடக்கத்தை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
சலவைத் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கம்,
மருத்துவமனைச் சலவைக்கூடம், பின்வாசல் அறை.

பெறுநர்:
தீர்ப்பு அதிகாரி அவர்கள்,
பணமோசடித் தடுப்பு அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கத்தில் அடமானம் வைக்கப்பட்ட கட்டடத்தைக் குற்றப் பணத்தில் வாங்கியதாகக் கருதி முடக்கிய உத்தரவை நீக்கக் கோருவதும், இன்று கிடைத்த ஆதாரங்களை இணைப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சென்ற மாதம் தங்கள் முன் நின்று பதில் சொல்லத் தெரியாமல் திரும்பியவள் நான்தான். இன்று பதிலோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும். இஸ்திரி மேசையில் நின்றபடியே, சந்தோஷ அவசரத்தில் எழுதியது.

2. மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் நாற்பத்தொரு பேரின் சேமிப்பே எங்கள் சங்கம். எதிர்த் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவருக்கு, அவருடைய மாடிக் கட்டடத்தை முறையாகப் பதிவு செய்து அடமானமாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தோம். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் இரட்டிப்புத் திட்டம் என்று ஊரார் பணத்தை வாரிச் சுருட்டினார். அந்தச் சமயத்தில் கட்டடத்தையும் மனைவிக்கு விற்றதாகப் பத்திரம் எழுதி மாற்றினார். இப்போது சிறையில் இருக்கிறார். அவர் தண்டனை பெறுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. தாராளமாகப் பெறட்டும்.

3. மனைவி பெயரிலுள்ள பத்திரத்தின் தேதியைப் பார்த்து, மோசடிப் பணத்தில் வாங்கியது என்று தங்கள் அலுவலகம் கட்டடத்தை முடக்கியது. மோசடிக்கு முன்பே கட்டடம் அவருடையது என்று எங்கள் அடமானப் பத்திரத்தைக் காட்டினேன். தாங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கதவு எண் ஏழு, அதுல பதினெட்டு. ரெண்டும் ஒரே கட்டடம்னு எப்படிம்மா நம்புறது?" என்றீர்கள். நியாயமான கேள்வி. பத்திரத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

4. எங்கள் மூத்த உறுப்பினர் முப்பது வருடம் இஸ்திரி மேசையில் நின்று காலில் நரம்பு சுருண்டவர். அறுவை சிகிச்சைக்கு, "என் பணத்தைத்தானே கேக்குறேன்?" என்று வந்து நிற்கிறார். அவர் பணம் அந்தக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

5. விடுப்பு நாளெல்லாம் நகராட்சிப் பதிவறைக்கு அலைந்தேன். இன்று காலை அங்குள்ள காப்பாளர் ஏணியில் ஏறி, "தெருவுக்குப் புது நம்பர் போட்ட வருஷத்து ரெஜிஸ்டர் இங்கதான் கெடக்கணும்" என்று தூசி படிந்த பதிவேட்டுக் கட்டு ஒன்றை இறக்கினார். இருவரும் தும்மி முடித்துப் பிரித்தால், அம்மையீர், அங்கே இருக்கிறது! பழைய எண் 7, புதிய எண் 18. உரிமையாளர் பெயர், நீளம், அகலம் எல்லாம் எங்கள் பத்திரத்தில் உள்ளபடியே. எண் மாறியது அடமானத்துக்கு அடுத்த ஆண்டு. நான் போட்ட சத்தத்தில் வரி கட்ட வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சான்றிட்ட நகல்: இணைப்பு 1.

6. அதோடு நிற்கவில்லை. அங்கிருந்து நேரே அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். மாடியில் கடைக்காரரின் மனைவியும் மகளும் மட்டுமே குடியிருக்கிறார்கள். எங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னால் வீடு கைவிட்டுப் போகும் என்பதை நான் மறைக்கவில்லை. அந்தத் தாய் மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "நான் ஒத்தக் காசு குடுத்து இத வாங்கலக்கா. கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன். உங்க காசுல நான் எப்படி நிம்மதியாத் தூங்குறது? வாங்க, எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் அளித்த பிரமாண வாக்குமூலம்: இணைப்பு 2.

7. ஆகவே முடக்கத்தை நீக்கி, கட்டடத்தை விற்று எங்கள் கடனை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதிக்குமாறு வேண்டுகிறோம். மிச்சத்தைத் தங்கள் அலுவலகத்திலேயே கட்டுகிறோம், ஏமாந்தவர்களுக்குப் போகட்டும். வேறு வீடு கிடைக்கும்வரை தாயும் மகளும் அங்கேயே இருக்கலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடிக் கைதூக்கி முடிவு செய்தோம். முதலில் கை தூக்கியவர் எங்கள் மூத்த உறுப்பினர்.

8. விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவோம். நாளைக்கே அழைத்தால் இன்னும் நல்லது.

தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து, எங்கள் கையெழுத்துகளுடன்,

செயலாளர்,
மற்றும் உறுப்பினர்கள் நாற்பது பேர்.

சாட்சியாக, தாமே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டவர்:
கட்டடம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்.

இடம்: சலவைக்கூடம்
நாள்: மார்ச் 14, பிற்பகல் மூன்று மணி